எல்லோருக்கும் கட்டணம், அவளுக்கு மட்டும் தானமா?

2022 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஈரோட்டில் ஒரு தாய் கைதானார். 16 வயது மகளின் கருமுட்டைகளைத் தனியார் மருத்துவமனைகளுக்குப் பலமுறை விற்றார் என்பது அவர் மீதான வழக்கு. தாயோடு சேர்ந்து வாழ்ந்த ஆள், இடையில் நின்ற தரகுப் பெண், சிறுமியின் வயதைக் கூட்டிப் போலி ஆதார் அட்டை செய்து கொடுத்தவர் என்று அடுத்தடுத்து ஆட்கள் பிடிபட்டார்கள். ஒருமுறை கொடுத்தால் 20,000 ரூபாய், தரகருக்கு 5,000 ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தச் சிறுமி வயதுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே இது தொடங்கிவிட்டது என்பதுதான் படித்தவர்களை உலுக்கியது.

மருத்துவத் துறை ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஜூலை 14 அன்று அமைச்சர் மா. சுப்பிரமணியன் ஆறு மருத்துவமனைகள் மீது நடவடிக்கை என்று அறிவித்தார். நான்கு தமிழ்நாட்டில் உள்ளவை. கேரளத்தில் ஒன்று, ஆந்திரத்தில் ஒன்று. இங்குள்ள மருத்துவமனைகளின் ஸ்கேன் அறைகளுக்குச் சீல் வைத்தார்கள். உள்நோயாளிகளை அனுப்பிவிட்டு மூடச் சொன்னார்கள். அதன் பிறகு அவரவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அந்த வாரம் டீக்கடையிலும் டி.வி.யிலும் எல்லோரும் தாயைத் திட்டினோம். திட்டத் தகுந்த காரியம்தான். ஆனால் ஒரு தாயும் ஒரு தரகரும் மட்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் சினைப்பையிலிருந்து முட்டை எடுத்துவிட முடியாது. அதற்கு ஸ்கேன் எடுப்பவர் வேண்டும், ரத்தம் பரிசோதிப்பவர் வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், ஊசி விடும் மகப்பேறு மருத்துவர் வேண்டும், முட்டையை வாங்கி வைக்கும் ஆய்வகம் வேண்டும். மேசை மேல் படுத்திருந்தது ஒரு பள்ளி வயதுப் பிள்ளை. அத்தனை பேரில் ஒருவர்கூட 'இந்தப் பாப்பாவுக்கு என்ன வயசு?' என்று கேட்கவில்லையா? கேட்டால் ஆதார் இருக்கிறது என்று பதில் வந்திருக்கும். அவரவர் வேலைக்கு அவரவர் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு பைசா கூடத் தன் கைக்கு வராத ஒரே ஆள் முட்டைக்கு உரியவள்.

ஈரோட்டு வழக்குக்கும் நான் எழுதிக்கொண்டிருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. இங்கிருந்து பேசக் காரணம் வேறு. இளம்பெண்ணின் உடம்பைக் காட்டி மொத்தமாக ஒரு தொகையைப் பேசும் பழக்கம் இந்த வறண்ட காட்டுக்கு நன்றாகத் தெரியும்.

கண்மாய் பெருகினால் ஒரு போகம், இல்லாவிட்டால் மானாவாரி. கம்பு, குதிரைவாலி, உளுந்து, பருத்தி, மிளகாய், இப்போது மக்காச்சோளம். மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் பல குடும்பங்களுக்குப் புகைதான் பயிர். அருப்புக்கோட்டை டவுனில் தறி உண்டு. அதுவும் பழைய ஓட்டத்தில் இல்லை. நிலம் மாதாமாதம் காசு தராது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, காலேஜ் பீஸ் எல்லாம் மொத்தமாகத்தான் கேட்கும். சில்லறையாக வரும் கூலிக்கும் மொத்தமாக வரும் செலவுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் தரகர் நிற்கிறார்.

மில்களின் சுமங்கலித் திட்டம் அந்தப் பள்ளத்தில்தான் முளைத்தது. வயதுக்கு வந்த பெண்ணை மூன்று வருடம் கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை விடுதியில் விட்டால் முடிவில் 30,000, 50,000 என்று கையில் தருவார்கள்; கல்யாணத்துக்கு ஆகும். பெண்ணுக்கு மங்களகரமான பெயர், வீட்டுக்கு நிம்மதி, மில்லுக்குச் சங்கம் சேராத ஆள். மூன்று வருடம் முடியுமுன் உடம்பு முடியாமல் வீடு திரும்பிய பெண்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போனதும், பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கியதும் ஊரறிந்த கதை. ஊருக்கு வந்து ஆள் பிடித்தவர்கள் யாரோ அல்ல, பெரும்பாலும் தெரிந்த ஆட்கள். அத்தை முறை, மதினி முறை சொல்லி அழைக்கிற ஆட்கள்.

இப்போது குழு லோன். பத்துப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்குவது. ஒருத்தி டியூ கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் நிற்பார்கள். வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலவரத்தைப் புரிந்துகொள்ளலாம். அதே 2025-ல், ஜூலை மாதம், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைக் கடனைக் காட்டி மடக்கிச் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. தறி, கடன், தரகர். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் ஊர் பள்ளிபாளையம் மட்டும்தானா?

கருமுட்டை எடுப்பது என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ரத்தம் கொடுப்பது மாதிரி என்றுதான் ஆள் பிடிப்பவர்கள் சொல்வார்கள். அப்படியில்லை.

இயற்கையாக ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு முட்டைதான் முதிரும். ஒரு முட்டையை நம்பி எந்த மருத்துவமனையும் வேலை செய்யாது. அதனால் மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஹார்மோன் ஊசி. பத்து, பன்னிரண்டு நாள். சினைப்பையைத் தூண்டி ஒரே நேரத்தில் பல முட்டைகளை முதிரச் செய்கிறார்கள். இடையிடையே ஸ்கேன். முட்டைகள் பக்குவமானதும் கடைசியாக ஓர் ஊசி. அது போட்ட 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசியை உள்ளே செலுத்தி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கிறார்கள். அரைமணி நேர வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள்.

பெரும்பாலோர் சிக்கலின்றிப் போய்விடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கிவிடும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். ரத்தம் தடித்து உறையும். மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும். வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொண்டால் அவசர அறுவை. உள்ளே ரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம். வயது குறைந்த, மெலிந்த உடம்புக்காரிகளுக்கு இந்த வீக்கம் வர வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த பாடம். தரகர் தேடுவதும் அதே உடம்பைத்தான். இன்றைக்கு வேறு வகை ஊசிகளால் இந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்க முடிகிறது. குறைக்க வேண்டும் என்ற அக்கறையும், நிதானமாகப் பார்க்கும் மருத்துவரும் இருந்தால்.

2010-ல் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருவர் கருமுட்டை கொடுத்த இரண்டொரு நாளில் இறந்துபோனார். அது அவருக்கு முதல் தடவை அல்ல. 2014 ஜனவரியில் டெல்லியில் இளம்பெண் ஒருவர் இதே சிகிச்சையை ஒட்டி இறந்தார். இரண்டு பேரும் காசுக்காகக் கொடுத்தவர்கள்.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கோளாறு மருத்துவமனை மேசையில் வருவதில்லை. வீட்டுக்குப் போன பிறகு, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வருகிறது. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஈரோட்டிலோ சேலத்திலோ முட்டை கொடுத்துவிட்டுப் பஸ் ஏறி வந்த பெண்ணுக்கு ராத்திரி வயிறு உப்புகிறது. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு வருகிறாள், அல்லது 2022-ல் திறந்த விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கு. பணி மருத்துவர் கேட்கிறார், 'என்னம்மா சாப்பிட்டே?' அவள் என்ன சொல்வாள்? யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். கூட வந்த மாமியாருக்கே தெரியாது. பத்து நாள் ஹார்மோன் ஊசி போட்டது தெரியாமல் அந்த மருத்துவர் வாயுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் சீட்டும் இல்லை. சிகிச்சை எடுத்தது அவள் பெயரிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

ரகசியம்தான் இங்கே மிகப் பெரிய நோய் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ரகசியத்தை யார் உண்டாக்கினார்கள் என்று பார்த்தால், ஒரு பங்கு ஊர் வாய், ஒரு பங்கு நம் சட்டம்.

செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 25-ல் நடைமுறைக்கு வந்தது. ஈரோட்டு வழக்கு வெடிப்பதற்கு நாலு மாதம் முன்பு. அதுவரை 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி மட்டும்தான். மீறினால் கேட்க நாதியில்லை. புதிய சட்டம் கருமுட்டை கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயது என்று வரம்பு வைத்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை. ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருத்தியின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. குழந்தை வேண்டும் தம்பதி அவள் பெயரில் 12 மாதத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். எழுத்தில் ஒப்புதல் வேண்டும். முட்டையை விற்பதும் வாங்குவதும் அதற்கென்று ஆள் வைத்து நடத்துவதும் குற்றம்.

படிக்கும்போது நல்ல சட்டமாகத்தான் இருக்கிறது. ஒருமுறைதான் என்ற வரம்பு ஒரே பெண்ணைத் திரும்பத் திரும்பச் சுரண்டுவதைத் தடுக்கத்தான் வந்தது. ஆனால் சந்தை அந்த வரம்பை எப்படிப் படிக்கும் என்று யோசிக்க வேண்டும். முன்பு ஒரு பெண் ஆறுமுறை கொடுத்தாள் என்றால், இனி ஆறு பெண்கள் வேண்டும். குழந்தை கேட்டு வரும் தம்பதிகள் குறையவில்லை. ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகை பெருகிக்கொண்டே போகிறது. ஆகவே தரகருக்கு இரண்டு வழிதான். ஒன்று, பழைய ஆளுக்குப் புது ஆதார். இரண்டு, இதுவரை கால் வைக்காத ஊரில் புது முகம். ஈரோடு முதல் வழியை நமக்குக் காட்டியது. இரண்டாம் வழி எங்கே வந்து முடியும் என்பதை யூகிக்க வரைபடம் தேவையில்லை. கடன் அதிகமாகவும் மழை குறைவாகவும் உள்ள ஊர்களில் முடியும்.

இவ்வளவு கறாரான சட்டம் தண்டனையில் மட்டும் தடுமாறுகிறது. முட்டை வாங்கி விற்ற மருத்துவமனை முதல்முறை பிடிபட்டால் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம், அவ்வளவே. இரண்டாம் முறை மாட்டினால்தான் மூன்று முதல் எட்டு ஆண்டுச் சிறை. ஒரு சுற்று சிகிச்சைக்கே ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் வாங்கும் தொழிலில் முதல் அபராதத்தைத் தொழில் செலவில் எழுதிவிடலாம்.

பெண்ணுக்கு என்ன தரலாம்? சட்டத்தின் பதில் காப்பீடு. கூலி என்று ஒன்று கிடையாது, இது தானம். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, மயக்க மருத்துவருக்கு உண்டு, ஊசி மருந்துக் கம்பெனிக்கு விலை உண்டு, முட்டை வங்கிக்குப் பதிவுக் கட்டணம் உண்டு. பதினைந்து நாள் வேலையை விட்டு, உடம்பைக் கொடுத்து, அபாயத்தையும் சுமப்பவள் மட்டும் பெருந்தன்மையால் செய்ய வேண்டும். யார் பெருந்தன்மையால் முன்பின் தெரியாதவர்களுக்காக இத்தனை ஊசி போட்டுக்கொள்வார்கள்? அக்காளுக்காகத் தங்கை செய்யலாம். மற்றபடி காசு கொடுக்காமல் இந்தத் தொழில் ஒரு நாள் ஓடாது என்பது அதை நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். காசு போகத்தான் செய்கிறது. மேசைக்கு அடியில் போகிறது. அடியில் போகும் காசுக்கு ரசீது கிடையாது. பேசியது 40,000, கையில் வந்தது 15,000 என்றால் அந்தப் பெண் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பாள்? அவளே குற்றத்தில் ஒரு பங்காளி ஆகிவிடுகிறாள்.

இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் வாதம் கனமானது. தள்ளிவிட்டுப் போக முடியாது. காசு என்று அனுமதித்துவிட்டால் ஏழைப் பெண்கள்தான் வரிசையில் நிற்பார்கள் என்பது அந்த வாதம். ரத்தத்தில் நாம் இதைப் பார்த்தோம். பசிக்கு ரத்தம் விற்றவர்கள் நம் நகரங்களில் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-லேயே, காசுக்கு வரும் ரத்தத்தில் நோயை மறைத்து வருபவர்கள் அதிகம், விலை வந்ததும் மனிதாபிமானம் ஒதுங்கிக்கொள்கிறது என்று புத்தகம் எழுதினார். 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் ரத்தம் விற்பதை இந்தியாவில் ஒழித்தது. ரத்தம் கிடைக்காமல் நாடு நின்றுவிடவில்லை. முகாம்கள் வந்தன, மன்றத்துப் பையன்கள் தலைவர் பிறந்தநாளுக்கு வரிசையில் நின்று கொடுக்கிறார்கள்.

சிறுநீரகத்தில் பார்த்தது இன்னும் கசப்பு. 1994-ல் உறுப்பு விற்பனையைத் தடுத்துச் சட்டம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பட்டப்பெயர் இருந்தது. 2001-ல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தன. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் சொன்ன காரணம் கடன். சராசரியாகக் கையில் கிடைத்தது 1,070 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 50,000 ரூபாய். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. முக்கால்வாசிப் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுவிட்டது என்றார்கள். கடனை அடைக்கப் போய் உடம்பை இழந்து கடனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழைக்கு இதுவும் ஒரு வாய்ப்புத்தானே, அதை ஏன் தடுக்கிறீர்கள் என்று சுதந்திரம் பேசுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

அப்படியானால் கருமுட்டைக்கும் காசே கூடாது என்று முடித்துவிடலாம் அல்லவா? ஜெர்மனி 1991 முதல் கருமுட்டை தானத்தையே தடை செய்து வைத்திருக்கிறது. அங்குள்ள தம்பதிகள் ஸ்பெயினுக்கும் செக் குடியரசுக்கும் விமானம் ஏறுகிறார்கள். அமெரிக்கா நேர் எதிர். 1999-லேயே பெரிய பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைகளில் உயரமான, நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணின் முட்டைக்கு 50,000 டாலர் என்று விளம்பரம் வந்தது. அங்கே மருத்துவர் சங்கம் 10,000 டாலருக்கு மேல் தருவது தகாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. முட்டை கொடுத்த பெண்கள், விலையை எல்லோரும் கூடி அமுக்குகிறீர்கள் என்று வழக்குப் போட்டு, 2016-ல் அந்த வரம்பை எடுக்க வைத்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் நம் ஊரிலும் நிறம், உயரம், படிப்பு என்று கேட்கிறார்கள். சாதி கேட்பவர்களும் உண்டு. கருத்த பெண்ணுக்கு ஒரு விலை, சிவத்த பெண்ணுக்கு ஒரு விலை என்று வந்துவிட்டால் அது மாட்டுத்தாவணியைவிடக் கேவலம்.

பிரிட்டன் இடையில் ஒரு வழி கண்டது. விலை கிடையாது, ஆனால் நாளுக்கும் சிரமத்துக்கும் ஈடாக எல்லாருக்கும் ஒரே தொகை. 2012 முதல் 750 பவுண்டு. 2024-ல் உயர்த்தி இப்போது கிட்டத்தட்ட 1,000 பவுண்டு. ஏழு முட்டை வந்தாலும் பதினைந்து வந்தாலும் அதே தொகை. லண்டனில் படித்த பெண்ணுக்கும் சின்ன ஊர்க் கடைக்காரிக்கும் அதே. அரசே ஓர் ஆணையம் வைத்து எல்லா மருத்துவமனைகளையும் கண்காணிக்கிறது. அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. அங்கே நோய் வந்தால் காசில்லாமல் பார்க்கும் மருத்துவம் இருக்கிறது, குழு லோன்காரர் வாசலில் நிற்பதில்லை. ஆனால் தொகை வெளிப்படையாக, ஒரே அளவாக, முட்டைக் கணக்கோடு ஒட்டாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ரத்தத்தோடும் சிறுநீரகத்தோடும் இதை ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ரத்தத்துக்கு மாற்று வழி இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் பத்து நிமிடத்தில் கொடுக்கலாம். சிறுநீரகத்துக்கு மூளைச்சாவு அடைந்தவர்களின் தானம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு நல்ல பெயரும் எடுத்திருக்கிறது. கருமுட்டைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. எங்கோ ஓர் இளம்பெண் ஊசி போட்டுக்கொண்டால்தான் உண்டு. இதை ஏற்றுக்கொண்ட பிறகும் அவளுக்குக் காசில்லை என்பது பாசாங்கு. அவளை வைத்துத்தான் தொழில் நடக்கிறது என்றால், அவளுடைய பதினைந்து நாளுக்கும் வலிக்கும் கூலி கொடுப்பதே நேர்மை. முட்டைக்கு விலை வைப்பது வேறு, அவள் சிரமத்துக்குக் கூலி தருவது வேறு.

குழந்தை இல்லாத பெண்களின் பாடு தெரியாமல் இதை எழுதவில்லை. நம் பக்கத்தில் வளைகாப்புக்குக் கூப்பிட்டும் கூப்பிடாமலும் விடும் அந்த அவமானம் என்ன என்று தெரியும். நிலத்தை ஒத்தி வைத்துச் சிகிச்சைக்குப் போகிற சம்சாரிக் குடும்பங்கள் உண்டு. அவர்களும் இந்தத் தொழிலின் இரைதான். இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று கறந்துகொண்டே இருப்பார்கள். யாருடைய முட்டை, அவள் எப்படி வந்தாள் என்று அவர்களுக்குச் சொல்வதும் இல்லை. சென்னை எழும்பூரிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் கருத்தரிப்பு மையம் என்று அரசு அறிவித்தது சரியான திசை. அரசுக் கூரைக்குள் வந்தால் தரகருக்கு வேலை பாதியாகும்.

கூலி கொடுத்தால் மட்டும் நியாயமாகிவிடுமா? ஆகாது. வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவளுக்கு இருக்க வேண்டும். இதற்கு அருப்புக்கோட்டையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2018-ல் இங்குள்ள ஒரு கல்லூரியில் மாணவிகள் சிலருக்குப் பேராசிரியை ஒருவர் தொலைபேசியில் தவறான வழிக்கு ஆசை காட்டிய விவகாரத்தை நாடே கேட்டது. மதிப்பெண் வரும், பணம் வரும் என்று, அக்கறையாகப் பேசும் குரலில்தான் அந்த அழைப்பு வந்தது. 2024-ல் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. அந்தப் பெண்கள் எப்படித் தப்பினார்கள்? நான்கு பேராக இருந்தார்கள். பேச்சைப் பதிவு செய்தார்கள். புகார் கொடுக்க ஓர் இடம் இருந்தது, சொன்னால் கேட்க ஆள் இருந்தது. கருமுட்டைக்கு ஆள் பிடிக்கும் 'ஏஜென்ட் அக்கா' தனியாக இருக்கும் பெண்ணிடம்தான் பேசுவார், டியூ கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள். அப்போது அவள் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஈரோட்டுச் சிறுமிக்கு அந்தக் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை.

ஆகவே தமிழ்நாடு அரசிடமும், சட்டத்தைத் திருத்த வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்பது இதுதான். கருமுட்டை கொடுப்பவளுக்கு மாநிலம் முழுக்க ஒரே தொகையை அரசு நிர்ணயிக்கட்டும். அது அவள் வங்கிக் கணக்கில் மட்டும், எடுத்த முட்டை எத்தனை என்று பார்க்காமல் போகட்டும். பாதியில் வேண்டாம் என்று எழுந்து போனாலும் அதுவரை வந்த நாளுக்குக் கூலி கிடைக்க வேண்டும். இல்லையென்றால் சுமங்கலித் திட்டத்தின் கதைதான் இங்கேயும். சம்மதம் வாங்குவது சிகிச்சை செய்யும் மருத்துவமனையின் வேலையாக இருக்கக் கூடாது. அவள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில், முட்டையோடு லாபத் தொடர்பில்லாத பெண் மருத்துவர் ஒருவர் தனியாக உட்கார வைத்துப் பேசட்டும். கடன் நெருக்கடியில் வந்தவள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்பட்டும், ராத்திரி வயிறு உப்பினால் காட்டுவதற்கு. காப்பீடு 12 மாதத்தோடு நிற்காமல், பின்னாளில் அவள் சினைப்பைக்கும் கர்ப்பத்துக்கும் ஏதாவது ஆனால் அதையும் தாங்கட்டும்.

ஆள் பிடிக்கும் தரகருக்கும், ஆதாரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற மருத்துவமனைக்கும் முதல்முறையிலேயே சிறை வரட்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

ஒரே தொகை என்றாலும் அது திருச்சுழிப் பெண்ணுக்குப் பெரிதாகவும் சென்னைப் பெண்ணுக்குச் சிறிதாகவும்தானே தெரியும் என்று கேட்கலாம். தெரியும்தான். இந்த இடைவெளியைக் கருத்தரிப்புச் சட்டத்தால் அடைக்க முடியாது. கண்மாய் தூர் வாரி, மில்லில் நியாயமான சம்பளம் வாங்கிக் கொடுத்து, பெண்பிள்ளையைக் காலேஜ் முடிக்க வைத்துத்தான் அடைக்க முடியும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஈரோட்டில் ஒருமுறைக்குப் பேசிய 20,000 ரூபாய், அந்த உதவியில் இருபது மாதக் கணக்கு.